பின்டயர் ஏன் முதலில் தேய்கிறது?

போர்ஷே 911 சாலைக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், அதன் முன் பம்பரின் இரண்டு மூலைகளிலும் மூலைக்கு 11 கிலோ வீதம் வார்ப்பிரும்புக் கட்டிகளை உள்ளே மறைத்து வைத்தார்கள். எடையைக் குறைக்கப் படாத பாடு படும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனம், வேண்டுமென்றே 22 கிலோ இரும்பைச் சுமக்க வைத்ததற்குக் காரணம் இன்ஜின் இருந்த இடம். அது பின் அச்சுக்கும் பின்னால், காரின் வால்பகுதியில் தொங்கியது. முன்பக்கம் லேசாகிப் போனது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது கனமான பின்பகுதி வெளியே விலகப் பார்த்தது. இரும்புக் கட்டி அவசரத்துக்குச் செய்த வைத்தியம். 1969-ஆம் ஆண்டு மாடலில் பின்சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். அது கொஞ்சம் நிரந்தரமான வைத்தியம். 1972-இல் அறிமுகமான கரேரா ஆர்.எஸ். 2.7 மாடலில் மூன்றாவது வழியைக் கையாண்டார்கள்: முன்னால் 185 மில்லிமீட்டர் அகல டயர், பின்னால் 215. தொழிற்சாலையிலிருந்து விற்பனைக்கு வந்த போர்ஷே கார்களில் முன்னும் பின்னும் வெவ்வேறு அகலச் சக்கரம் பூண்டது அதுவே முதல்முறை.

அதன்பிறகு இந்த வித்தியாசம் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 992 என்ற குறியீடு கொண்ட தலைமுறையின் கரேரா எஸ் காரில் முன்டயர் 245 மில்லிமீட்டர், பின்டயர் 305. சக்கரத்தின் விட்டமும் முன்னால் 20 அங்குலம், பின்னால் 21. இவ்வளவு ரப்பரைப் பின்னால் அடுக்கிய பிறகும், சாதாரணச் சாலைகளில் ஓடும் 911-இல் முதலில் மொட்டையாவது பின்டயர்தான். ஒரு ஜோடி முன்டயர் தேய்ந்து முடிவதற்குள் இரண்டு ஜோடி பின்டயர்களைத் தீர்த்துவிடுவது இந்தக் காரை வைத்திருப்பவர்களிடையே வெகு சாதாரணம்.

இதைக் காரின் குறை என்று சிலர் கருதுகிறார்கள். வேறு சிலர் இந்தக் காருக்கு இதுதான் இயல்பு என்று கேள்வியே கேட்காமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். எனக்கு இரண்டு பேரிடமும் உடன்பாடில்லை. பின்டயரின் தேய்மானத்தில் ஒரு பங்கு அந்தக் காரின் அமைப்பு கேட்கும் விலை. அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. இன்னொரு பங்கு வெறும் விரயம். எது எந்தப் பங்கு என்பதை டயரின் முகத்திலேயே படிக்கலாம். பழைய செருப்பின் அடியைப் பார்த்து, அதைப் போட்டிருந்தவர் எப்படிக் கால் பதித்து நடப்பார் என்று செருப்புத் தைப்பவர் சொல்லிவிடுவது போலத்தான் இதுவும்.

முதலில் எடைக் கணக்கு. எளிமைக்காக ஒரு 911-இன் எடை 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு 61 பங்கு பின் அச்சில் இறங்குகிறது. ஒவ்வொரு பின்டயரும் ஏறத்தாழ 460 கிலோவைத் தாங்குகிறது. ஒவ்வொரு முன்டயரும் 290 கிலோவை. 2.5 பார் காற்றழுத்தமுள்ள டயர் 460 கிலோவைத் தாங்குவதற்குத் தரையில் ஏறத்தாழ 180 சதுர சென்டிமீட்டர் பதிந்தால் போதும். ஓர் ஏ4 தாளில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. டயர் அகலமானால் இந்தப் பரப்பு கூடிவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எடையும் காற்றழுத்தமும்தான். அகலம் கூடும்போது தரையில் பதியும் பகுதி குட்டையாகிறது, அவ்வளவே. ஆனால் அந்தக் குட்டையான, அகலமான பதிவுதான் பக்கவாட்டு விசைக்கு எதிராக விறைத்து நிற்கிறது. அந்த விறைப்பைப் பிறகு பார்ப்போம்.

ரப்பர் எப்படித் தேய்கிறது? உருளும் சக்கரம் தரையில் வழுக்குவதில்லை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். டயர் விஷயத்தில் அது முழு உண்மை ஆகாது. விசை எதையும் கடத்தாமல் சும்மா உருளும் டயரில்தான் நழுவல் அநேகமாக இல்லை. இழுக்கவோ, நிறுத்தவோ, திரும்பவோ வேண்டுமென்றால் டயர் கொஞ்சமாவது நழுவியே ஆக வேண்டும். டயரின் மேல்பரப்பில் உள்ள ரப்பர்க் கட்டைகள், மெக்கானிக்குகள் பட்டன் என்று சொல்பவை, பதிவின் முன்விளிம்பில் தரையைத் தொட்டு ஒட்டிக்கொள்கின்றன. டயர் உருள உருள அந்தக் கட்டை வளைந்து, இழுபட்டு, தாங்க முடியாத கட்டத்தில் பிடியை விட்டுப் பதிவின் பின்பாதியில் சறுக்கி வெளியேறுகிறது. தேய்மானம் நடப்பது அந்தக் கடைசி நொடித்துளியில். ஒரு பின்டயர் 15,000 கிலோமீட்டரில் 6 மில்லிமீட்டர் தேய்கிறது என்று கொண்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் அது இழப்பது ஒரு நானோமீட்டருக்கும் குறைவான ரப்பர். சில அணுக்களின் கனம்தான். அதையே ஐந்தாறு மில்லியன் சுற்றுகளுக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்வதால்தான் டயர் மொட்டையாகிறது. இத்தனை சிறிய இழப்பை இவ்வளவு சீராகச் செய்யும் ஒரு பொருளை மனிதன் உருவாக்கியிருக்கிறான் என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது.

பிரிட்டனில் ரப்பர் ஆய்வுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த இயற்பியலாளர் அடால்ஃப் ஷாலமாக், டர்னர் என்பவருடன் சேர்ந்து 1960-இல் இந்தத் தேய்மானத்துக்கு ஓர் எளிய விதியைத் தந்தார். நழுவும் சக்கரம் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இழக்கும் ரப்பர், அது கடத்தும் விசையின் இருமடிக்கு நேர் விகிதத்திலும், டயரின் விறைப்புக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும். காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. விசை இரட்டித்தால் நழுவலும் இரட்டிக்கிறது. தேய்ப்பது விசையும் நழுவலும் சேர்ந்து செய்யும் வேலை. ஆகவே நான்கு மடங்கு. மென்மையாக ஓட்டுபவரின் டயர் ஏன் நம்பமுடியாத அளவுக்கு நீடிக்கிறது என்பதற்கும் இதே விதிதான் விடை. பாதி விசையில் ஓட்டினால் தேய்மானம் கால் பங்கு.

இந்த விதியை நம் 911 மீது வைத்துப் பார்க்கலாம். வளைவில் ஒவ்வொரு அச்சும் தான் சுமக்கும் எடைக்கு ஏற்ற பக்கவாட்டு விசையைத் தர வேண்டும். பின் அச்சு முன் அச்சைப்போல 1.56 மடங்கு எடை சுமக்கிறது. முன்னும் பின்னும் ஒரே டயர் என்றால் விதிப்படி பின்டயர் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேகமாகத் தேயும். அதற்கு முன்பே வேறோர் ஆபத்தும் காத்திருக்கிறது. பின்டயர் முன்டயரைவிட அதிகக் கோணத்தில் நழுவும். கார் தன் வாலை வெளியே வீசும். ஆகவே பின்டயரின் விறைப்பைக் கூட்டுகிறார்கள். முன்னும் பின்னும் ஒரே கோணத்தில் நழுவும்படி விறைப்பைச் சரிசெய்துவிட்டால், பின்டயர் இழக்கும் ரப்பர் முன்டயர் இழப்பதைப்போல 1.56 மடங்கு. அந்த ரப்பர் 245-க்குப் பதில் 305 மில்லிமீட்டர் அகலத்தில் பரவியிருப்பதால், ஆழத்தில் பார்க்கும்போது தேய்மானம் முன்டயரைவிட நூற்றுக்கு 25 அளவுக்குத்தான் அதிகம். இது தோராயக் கணக்குதான். என்றாலும் ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்கிறது: வளைவுகளை மட்டும் வைத்துப் பார்த்தால், அகல டயர் தன் வேலையைச் செய்துவிட்டது.

மிச்சத் தேய்மானம் ஆக்சிலரேட்டரிலிருந்து வருகிறது. பின்சக்கர இயக்கக் காரில் வேகத்தைக் கொடுப்பது இரண்டே டயர்கள். அந்த வேகத்தைப் பிரேக் பிடித்து வாங்கிக்கொள்வது நான்கு டயர்கள். இந்த இரண்டு வாக்கியங்களில் பாதி விடை இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் முன்டயர்களுக்கு அதிகப் பங்கு. 911-இல் அதை 60 என்றும் பின்டயர்களுக்கு 40 என்றும் வைத்துக்கொள்வோம். வேகம் எடுக்கவும் நிறுத்தவும் ஒரே அளவு விசை என்றால், இருமடி விதிப்படி பின் அச்சின் கணக்கில் 1.16 பங்கும் முன் அச்சின் கணக்கில் 0.36 பங்கும் சேர்கின்றன. மூன்று மடங்குக்கு மேல். விறைப்பும் அகலமும் அதை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் என்ற அளவுக்குக் குறைக்கின்றன. போதாததற்கு, நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போதுகூடக் காற்றின் எதிர்ப்பை வெல்லும் விசை முழுவதையும் பின்டயர்கள்தான் தரையில் இறக்குகின்றன. முன்டயர்கள் அப்போது வெறுமனே உருண்டுகொண்டிருக்கின்றன.

நம் தெருக்களில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை இதற்கு நேர் எதிர். இன்ஜின் முன்னால், இயக்கம் முன்சக்கரத்தில், திரும்புவதும் முன்சக்கரம், பிரேக்கின் பெரும்பங்கும் முன்சக்கரம். அங்கே முன்டயர் முதலில் போவதில் புதிர் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கார்களில் நான்கும் ஒரே அளவு டயர்கள். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னையும் பின்னையும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைப் பகிர்ந்துவிடலாம். முன்னும் பின்னும் அளவு மாறும் ஸ்போர்ட்ஸ் காரில் அந்த வசதி இல்லை. 305 மில்லிமீட்டர் டயர் முன்னால் நுழையவே நுழையாது. ஒரே திசையில் மட்டும் உருள வேண்டிய டயராக இருந்துவிட்டால் இடம் வலமாக மாற்றுவதற்கும் வழியில்லை. மாஸ்டா எம்.எக்ஸ்-5 போல எடையை ஏறக்குறையச் சமமாகப் பகிர்ந்து, நான்கு மூலைகளிலும் ஒரே டயர் பூட்டும் ஸ்போர்ட்ஸ் கார்கள் இந்தச் சிக்கலுக்குள் விழுவதில்லை. அந்த வகைக் கார்கள் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

டயரின் விறைப்பைக் கூட்ட அகலம் ஒன்றே வழியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஷெவ்ரோலே நிறுவனம் 1960 மாடலாகக் கொண்டுவந்த கார்வேர் காரிலும் இன்ஜின் பின்னால்தான் இருந்தது. நான்கும் ஒரே அளவு டயர்கள். முன்னால் 15 பி.எஸ்.ஐ., பின்னால் 26 என்று காற்றழுத்தத்தை மாற்றி வைத்து, அதன்மூலம் முன்டயரின் விறைப்பைக் குறைத்துப் பின்பகுதியைக் கட்டுக்குள் வைக்கும் ஏற்பாடு அது. கார் ஓட்டும் சாதாரண மனிதர் நான்கு டயர்களுக்கும் ஒரே அளவு காற்றைப் பிடித்தால் அந்த ஏற்பாடு குலைந்துவிடும். ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய புகழ்பெற்ற நூலின் முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றியதுதான். பாதுகாப்பை ஓட்டுநரின் ஞாபகசக்தியிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது என் கருத்தும்கூட. அகல டயர் விலை கூடுதல், மாற்றிப் போட முடியாது, ஆனால் அதை யாரும் மறந்துபோய்த் தவறாகப் பூட்டிவிட முடியாது.

இதுவரை சொன்ன தேய்மானம் எல்லாம் அகலம் முழுவதும் ஏறக்குறையச் சீராக இருக்கும். பின்டயர் சீராகத் தேய்ந்து, முன்டயரைவிட முந்திக்கொண்டால், அது காரின் இயல்பு. இனிச் சொல்லப்போவது சீராக இல்லாத தேய்மானத்தை. அதாவது, வெளியே நின்று பார்க்கும்போது டயரில் பட்டன் நன்றாகத் தெரிகிறது. காரைத் தூக்கி உள்பக்கம் பார்த்தால் உள்விளிம்பில் கம்பி இழை தெரிகிறது. உள்பக்கம் சாப்பிடுகிறது என்று டயர்க் கடைகளில் சொல்வது இதைத்தான்.

இதற்கு இரண்டு கோணங்கள் பொறுப்பு. சக்கரத்தின் தலைப்பகுதி காரை நோக்கி உட்புறம் சாய்ந்திருப்பது எதிர்மறைக் கேம்பர். வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்க டயர் நிமிர்ந்து தரையில் முழுமையாகப் பதிய வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே கொடுத்துவைக்கும் சாய்வு இது. நேராகப் போகும்போது உள்விளிம்பில் சுமை சற்றுக் கூடும். இரண்டாவது கோணம் டோ-இன். மேலிருந்து பார்த்தால் ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களும் மூக்கை ஒன்றையொன்று நோக்கித் திருப்பியிருப்பது. பலரும் உள்விளிம்பு போனதும் கேம்பரைக் குற்றம் சாட்டுகிறார்கள். கேம்பர் சுமையை எங்கே வைக்கலாம் என்று இடம் காட்டுகிறது. அந்த இடத்தை அரைத்துத் தள்ளும் பெரிய கை டோ-வுடையது.

கணக்கைப் பாருங்கள். ஒரு சக்கரம் போகும் திசையிலிருந்து 0.2 பாகை உட்புறம் திரும்பியிருக்கிறது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாத அளவு. ஆனால் அந்தச் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் போக விரும்புகிறது. எதிர்ப்பக்கச் சக்கரமும் அதையே எதிர்த்திசையில் விரும்புவதால் இரண்டும் போக முடியாமல், ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே உருளுகின்றன. 15,000 கிலோமீட்டர் ஓட்டத்தில் டயர் 52 கிலோமீட்டர் பக்கவாட்டில் இழுக்கப்பட்டதற்குச் சமம். உட்புறம் சாய்ந்த சக்கரமும் இயல்பாகவே காரின் நடுவை நோக்கி உருளப் பார்க்கும் என்பதால் கேம்பரின் விசையும் இதே திசையில் வந்து சேர்ந்துகொள்கிறது. ஷாலமாக்கின் இருமடி விதி இங்கும் உண்டு: டோ-வைப் பாதியாக்கினால் அதனால் வரும் தேய்மானம் கால் பங்காகிவிடும்.

அப்படியானால் டோ-இன் எதற்கு? பூஜ்யமாக வைத்துவிட்டால் என்ன? வேகமாக வளைவில் போகும்போது திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ, பிரேக்கை மிதித்தாலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் கைகளில் உள்ள ரப்பர் புஷ்கள் அமுங்கி, சக்கரம் சற்று வெளிப்புறம் திரும்பப் பார்க்கும். அந்த நேரத்தில் பின்பகுதி வளைவுக்கு வெளியே விலகத் தொடங்கும். ஓட்டுநர் பயந்து காலை எடுத்ததே அவரைச் சுழற்றிவிடும். பழைய 911-கள் இந்தக் குணத்துக்குப் பேர்போனவை. முன்கூட்டியே கொஞ்சம் டோ-இன் கொடுத்துவைத்தால், புஷ் அமுங்கும்போதும் சக்கரம் வெளிப்புறம் திரும்பாது. உயிரைக் காக்கும் இருப்பு அது. அதற்கான கட்டணத்தைத் தினமும் ரப்பராகக் கட்டுகிறோம்.

1990-இல் விற்பனைக்கு வந்த ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். இதற்கு நல்ல சான்று. அலுமினிய உடல், நடுவில் இன்ஜின், எடையில் நூற்றுக்கு 58 பங்கு பின்னால். அயர்ட்டன் சென்னா சுஸுகா பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொன்ன கார். எவர் ஓட்டினாலும் நம்பகமாக நடந்துகொள்ள வேண்டும் என்பதில் ஹோண்டா பிடிவாதமாக இருந்தது. பின்சக்கரங்களுக்குத் தாராளமாக டோ-இன் கொடுத்தார்கள். டயரும் பிடிமானம் மிகுந்த மென்ரப்பர். கார் அருமையாக நிலைகொண்டது. ஆனால் பின்டயர்கள் தேய்ந்த வேகத்தைப் பார்த்து வாங்கியவர்கள் திகைத்துப்போனார்கள். பின்னர் ஹோண்டாவே பின் டோ அளவைக் குறைத்தது. தேய்மானத்துக்கும் நிலைத்தன்மைக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பது அலைன்மென்ட் எண்ணில் சில மில்லிமீட்டர் விவகாரம்.

போர்ஷே இதே பிரச்சினையை வேறு வழியில் அணுகியது. 1977-இல் வெளிவந்த 928 காரில், வேகம் குறையும்போது சக்கரம் தானாகவே உட்புறம் திரும்பும்படி தாங்குகைகளின் இணைப்பை வடிவமைத்தார்கள். வைசாக் அச்சு என்று பெயர். தேவைப்படும் அந்த ஒரு கணத்தில் மட்டும் டோ-இன். மற்ற நேரங்களில் அதற்குக் கட்டணம் இல்லை. வாகனப் பொறியியலில் நான் மிகவும் மதிக்கும் தீர்வுகளில் இது ஒன்று. கணினி இல்லை, மோட்டார் இல்லை. வேகத்தைக் குறைக்கும் அதே விசையைக் கொண்டே சக்கரத்தை நல்ல பக்கம் திருப்பிவிட்டார்கள். 1993-இல் வந்த 993 தலைமுறையில்தான் 911-உம் பழைய பின் அமைப்பைக் கைவிட்டுப் பல கைகள் கொண்ட புதிய பின் அச்சுக்கு மாறியது.

ஒரே கார், ஒரே அலைன்மென்ட், ஆனால் இருவர் ஓட்டினால் இருவேறு தேய்மானம் வருவதற்கும் காரணம் இந்தக் கோணங்களில்தான் இருக்கிறது. நேர் நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் ஓட்டுபவருக்கு வளைவு விசை கிட்டத்தட்ட இல்லை. டயரில் செயல்படும் பக்கவாட்டு விசை டோ-வும் கேம்பரும் தருவதுதான். அவருடைய பின்டயரின் உள்விளிம்பு போகும். மலைப்பாதையில் துடிப்பாக ஓட்டுபவருக்கு வளைவு விசை மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். டயர் அகலம் முழுவதும் சீராகத் தேயும். பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோனால் கதையே தலைகீழாகலாம். மெதுவான வளைவுகளில் முன்சக்கரத்தை வலுக்கட்டாயமாகத் திருப்பி, முன்டயரின் வெளிவிளிம்பையே முதலில் தீர்த்துவிடுவார்கள். அதைத் தடுக்க முன்சக்கரத்துக்குக் கூடுதல் எதிர்மறைக் கேம்பர் கொடுப்பார்கள். தடத்தில் அது சரியான வைத்தியம். அதே காரை அதே அமைப்போடு வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஓட்டினால் உள்விளிம்பு போகத் தொடங்கும். அழகுக்காகக் காரின் உயரத்தைத் தாழ்த்துபவர்களுக்கும் இதுவே நேர்கிறது. ஸ்பிரிங் தாழ்ந்தால் கேம்பரும் டோ-வும் சேர்ந்து மாறும். அதன்பின் அலைன்மென்ட் செய்யாமல் விடுவது காசைச் சாலையில் தேய்ப்பதுதான்.

ரப்பரின் தன்மையையும் விட்டுவிட முடியாது. அமெரிக்காவில் விற்கும் டயர்களின் பக்கச்சுவரில் தேய்மான எண் ஒன்று அச்சாகியிருக்கும். டெக்சாஸ் மாநிலத்தில் ஏறத்தாழ 640 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சாலைச் சுற்றில், மொத்தம் 11,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, 100 என்று நிர்ணயித்த ஒப்பீட்டு டயரோடு வைத்துப் பார்த்துத் தரும் எண் அது. ஸ்போர்ட்ஸ் கார்களில் பரவலாகக் காணப்படும் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயருக்கு 300. சாதாரணக் குடும்பக் கார் டயர்கள் பலவற்றுக்கு 500-க்கு மேல். பிடிமானத்துக்காக ரப்பரை மென்மையாக்கினால் ஆயுள் குறையும். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை.

பின்டயர் முதலில் தேய்வது பணப் பிரச்சினை மட்டும் என்றால் இத்தனை எழுதத் தேவையில்லை. மழையில் அது உயிர்ப் பிரச்சினையாகிறது. அகல டயர் தரையில் குட்டையாகப் பதிகிறது என்று சொன்னேன். தண்ணீரைப் பிதுக்கி வெளியேற்ற அதற்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. பள்ளங்கள் ஆழமாக இருக்கும்வரை தண்ணீருக்கு வழி இருக்கும். பின்டயர் தேய்ந்து, முன்டயர் புதிதாக இருந்தால், தேங்கிய நீரில் முதலில் மிதப்பது பின்பகுதி. முன்சக்கரம் மிதந்தால் கார் நேராகப் போகும். ஓட்டுநருக்கு ஸ்டீயரிங் லேசாவது தெரியும், வேகத்தைக் குறைக்கலாம். பின்சக்கரம் மிதந்தால் தெரியும்போது கார் சுழன்றிருக்கும். 1.6 மில்லிமீட்டர் என்பது சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை. அகலமான பின்டயரை அந்த எல்லைவரை மழைக்காலத்தில் ஓட்டுவது எனக்கு ஒப்புதல் இல்லாத துணிச்சல்.

முன்சக்கர இயக்கக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. முன்டயர் தேய்ந்ததால் இரண்டு புது டயர் வாங்கி, அவற்றை முன்னாலேயே பூட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. டயர் நிறுவனங்கள் சொல்வது வேறு: புதியவை பின்னால் போக வேண்டும், பின்னால் இருந்தவை முன்னால் வர வேண்டும். காரணம் மேலே சொன்னதுதான்.

தேய்ந்த ரப்பர் எங்கே போகிறது என்ற கேள்வியும் நம்முடையதே. 305 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பின்டயர் தன் ஆயுளில் ஏறத்தாழ 3 கிலோ ரப்பரைச் சாலையில் விட்டுப்போகும் என்று கணக்கிடலாம். அது மழைநீரோடு ஓடைக்கும் ஆற்றுக்கும் போகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப்பின் கூட்டமாகச் செத்ததற்கு, டயர் ரப்பர் வெடிக்காமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு வினைபுரிந்து உண்டாக்கும் நஞ்சே காரணம் என்று 2020-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2024-இல் ஏற்கப்பட்ட ஐரோப்பாவின் யூரோ 7 விதிகளில் டயர்த் தேய்மானத்துக்கும் வரம்பு வருகிறது. மின்சார ஸ்போர்ட்ஸ் கார்கள் இரண்டு டன்னைத் தாண்டும் எடையோடும், மிதித்த கணத்தில் கிடைக்கும் இழுவிசையோடும் வருவதால் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். புகைக்குழாய் இல்லாத கார் என்பதற்காக அது எதையும் உமிழவில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

நம் ஊர்களில் வீல் அலைன்மென்ட் என்றால் பெரும்பாலும் முன்சக்கரத்தோடு முடித்துவிடுகிறார்கள். பல சிறிய கார்களில் பின் அச்சைத் திருத்தவே வழியில்லை என்பதால் உண்டான பழக்கம் அது. பின்சக்கரங்களைத் தனித்தனியாகத் திருத்தக்கூடிய கார் உங்களுடையது என்றால் நான்கு சக்கரங்களையும் அளக்கச் சொல்லுங்கள். திருத்துவதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை அச்செடுத்து வாங்குங்கள். இடது, வலது டோ-க்களுக்குள் வித்தியாசம் இருந்தால் கேள்வி கேளுங்கள். அடுத்தமுறை காற்றுப் பிடிக்கும்போது பின்டயரின் குறுக்கே உள்ளங்கையைப் பக்கவாட்டில் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப்பல் போலவும் தட்டுப்பட்டால் டோ சரியில்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிவிளிம்போடு நிறுத்தாமல், உள்விளிம்புவரை கையை விட்டுப் பாருங்கள்.